பாழடைந்த கட்டடத்துக்குள் ஓவியம் வரையப் போகிறீர்களா?

பூட்டிக் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரி, பிள்ளைகள் போய்விட்ட விடுதி, இடம் மாறிய தாலுகா ஆபீஸ். இவற்றின் உட்புறத்தை வரைய இளம் ஓவியர்கள் கிளம்புவது நல்ல காரியம். இடிபடும் முன் அந்த அறைகளுக்குக் கிடைக்கும் கடைசிப் பதிவு பல நேரம் அதுதான். ஆனால் வேலியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள்.

ஆளில்லாவிட்டாலும் கட்டடத்துக்கு உரிமையாளர் உண்டு. அரசுக் கட்டடம் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அத்துமீறல் குற்றமாக வேண்டுமானால் கெட்ட நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. அதைக் காவல் நிலையத்தில் நின்று வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பயம் கூரையைப் பற்றித்தான். சென்னையில் ஆங்கிலேயர் காலக் கட்டடங்கள் பலவற்றில் இருப்பது மெட்ராஸ் டெரஸ்: மர விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய கூரை. மழைநீர் இறங்கினால், சுவருக்குள் செருகிய விட்ட முனை உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். வெளியே தெரியும் பகுதி திடமாகவே இருக்கும். முனை விட்டதும் மொத்தமும் சரியும். விட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஈரக்கறை, கரையான் மண், தரையில் புதிதாக உதிர்ந்த காரை, இதில் எதைக் கண்டாலும் அந்த அறைக்குள் போகாதீர்கள். வெளியே நின்று ஜன்னல் வழியாக வரையுங்கள். மழைக்காலத்தில் போகவே வேண்டாம், தனியாக எப்போதுமே வேண்டாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்; 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. சுரண்டாதீர்கள், பெருக்காதீர்கள். புறா, வௌவால் எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம் என்பதால் என்95 முகக்கவசம் அவசியம்.

வரைந்த படம் உங்களுடையது. கட்டடத்தை ஓவியமாக்கி வெளியிடுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. சுவரிலேயே வரைய அழைத்தால், இடிக்கும் முன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-இல் பெயர்த்தெடுத்தது. பிரிவு 57-இன்படி 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிஞ்சிய பாகங்களைத் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்குத் தீர்ப்பானது 2005-இல்தான்.

பழைய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் கோப்புகள் சிதறிக் கிடக்கும். அந்தப் பெயர்களை ஓவியத்தில் கொண்டுவராதீர்கள், படமெடுத்துப் பகிராதீர்கள். அவர்களின் குடும்பம் அதே ஊரில் இருக்கலாம். அனுமதி தந்த அதிகாரிக்குக் கோப்புகள் கிடக்கும் அறையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.