ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம் என்று கல்லூரியில் அறிவிப்பு வந்ததும், விசா எப்படி, செலவு எவ்வளவு என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அவை முக்கியம்தான். ஆனால் திரும்பி வந்தபின் தலைவலியாவது பெரும்பாலும் சொந்தக் கல்லூரி அலுவலகத்தில் முன்பே முடித்திருக்க வேண்டிய காகித வேலை. பொறியியல், அறிவியல் மாணவர்கள் அதிகம் நாடும் ஜெர்மனியை வைத்தே பார்ப்போம்.

பரிமாற்ற மாணவராகப் போனால் ஜெர்மன் பட்டம் கிடைக்குமா?

கிடைக்காது. பட்டம் தருவது உங்கள் கல்லூரிதான். அங்கிருந்து வருவது மதிப்பெண் பட்டியல் மட்டும். ‘எராஸ்மஸ் முண்டஸ்’ என்ற பெயரால் குழம்புகிறவர்கள் உண்டு. அது இரண்டு, மூன்று நாடுகளில் படித்து முடிக்கும் முழு முதுகலைப் படிப்பு. 1987இல் ஐரோப்பிய நாடுகளுக்குள் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றம் வேறு.

நானே நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

பரிமாற்றத்தில் முடியாது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி உங்கள் பெயரைப் பரிந்துரைத்த பிறகே அங்கே விண்ணப்பம் திறக்கும். அரியர் இருந்தால் பெரும்பாலும் பெயர் பரிந்துரைப் பட்டியலுக்கே போகாது. கல்லூரிக்கு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கட்டினால் ‘எக்ஸ்சேஞ்ச் சீட்’ வாங்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லையே, அப்புறம் இதில் என்ன லாபம்?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஒப்பந்தத்தின் கீழ் வரும் பரிமாற்ற மாணவருக்கு அதில் விலக்கு உண்டு. வழக்கமான சேர்க்கைப் போட்டியும் இல்லை. அதே நேரம், இங்கே உங்கள் கல்லூரிக் கட்டணத்தை வழக்கம்போல் கட்டித்தான் ஆக வேண்டும். பல பெற்றோருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. அங்கே செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை கேட்பார்கள். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கும் பணம் எவ்வளவு?

2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கு. ஆண்டுக்கு 11,904 யூரோ. ஆறு மாதம் என்றால் 5,952. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஏறத்தாழ 6 லட்சம். இது கட்டணமல்ல, உங்கள் பணமே. அங்கே போனபின் மாதாமாதம் எடுத்துச் செலவு செய்வீர்கள். இந்தத் தொகை மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத் தளத்தில் சரிபாருங்கள். செலவை ஏற்கும் உதவித்தொகை இருந்தால் அந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டலாம்.

அங்கே படித்த பாடங்கள் இங்கே கணக்கில் சேருமா?

எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். நம் கிரெடிட் வாரத்தில் எத்தனை வகுப்பு என்பதைப் பார்க்கிறது. எண்ணுக்கு எண் பொருத்தினால் கணக்கு உதைக்கும்.

அதனால் புறப்படும் முன்பே பாட ஒப்பந்தம் போட்டு வைக்க வேண்டும். அங்கே எந்தப் பாடம், இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று எழுதி, நீங்களும் இரு பல்கலைக்கழகங்களுமாக மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். துறைத் தலைவர் ‘பார்த்துக்கலாம்ப்பா’ என்று வாய்ப்பேச்சாகச் சொன்னது போதாது. நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். தேர்வுப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். அங்கே போனபின் ஒரு பாடம் நடக்கவில்லை, அல்லது ஜெர்மன் மொழியில் மட்டும் நடக்கிறது என்று தெரிந்தால், மாற்றுப் பாடத்துக்கும் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். அங்கே ஒரு பாடத்தில் தோற்றால் இங்கே அரியராகுமா, இங்கேயே எழுதலாமா என்பதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு பொறி உண்டு. ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. 1.3 வாங்கிய மாணவரின் பட்டியலைப் பார்த்து நம் அலுவலக எழுத்தர் பரிதாபப்படக்கூடும்! மாற்றும் முறையையும் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுவது நல்லது.

இரு நாட்டு செமஸ்டர்களும் ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகாது. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது; கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தேர்வு பிப்ரவரியில் இருந்தால், இங்கே ஜனவரியில் அடுத்த செமஸ்டர் ஆரம்பித்திருக்கும். வருகைப் பதிவுக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கும் கேம்பஸ் நேர்காணலுக்கும் என்ன செய்வது என்று முன்பே பேசி முடிக்க வேண்டும்.

அங்கே விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப் பதிவே இல்லை. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் இன்டர்னல் மதிப்பெண் என்ற தாங்குகட்டையும் பல பாடங்களில் கிடையாது. கடைசியில் ஒரே தேர்வு. பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பெயர் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கெடு தாண்டினால் எழுத விடமாட்டார்கள்.

பகுதிநேர வேலை பார்க்கலாமா?

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை அனுமதி உண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்குப் போகிறவர், வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மொழி தெரியாமல் வேலை தேடி முடிப்பதற்குள் பாதி செமஸ்டர் ஓடிவிடும்.

போனதும் முதல் வேலை என்ன?

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது.

திரும்பும்போது?

முகவரிப் பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு மூன்றையும் முறைப்படி முடித்துவிட்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல் நீங்கள் ஊர் வந்து பல வாரம் கழித்துத்தான் வரும். அதை உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கே நேரடியாக அனுப்பும்படி, கிளம்பும் முன் அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.