ஓடும்போது மயக்கமா? வெயில் மேல் பழி போடாதீர்கள்!

2016 ஏப்ரல் மாதம். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் டெய்லருக்கு அப்போது வயது 26. நாட்டுக்காக 7 டெஸ்ட், 27 ஒருநாள் போட்டிகள் ஆடியவர். கேம்பிரிட்ஜில் ஒரு போட்டிக்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு இறுகியது, இதயம் தறிகெட்டு ஓடத் தொடங்கியது. ஏதோ வைரஸ் தொற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதனையில் தெரியவந்ததோ இதயத் தசை நோய். அந்த மாதமே ஓய்வை அறிவித்தார். 

டாக்டர்கள் இதை 'அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி' என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். விஷயம் இதுதான்: இதயத் தசையின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதங்கள் உண்டு, செங்கற்களுக்கு நடுவே பூசிய கலவை மாதிரி. மரபணுக் கோளாறால் இந்தப் பிணைப்பு வலுவிழந்தால், துடிக்கத் துடிக்க செல்கள் விட்டுப்போய் மடிகின்றன. அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேர்கின்றன. பெரும்பாலும் பாதிக்கப்படுவது இதயத்தின் வலது கீழறை. துடிப்புக்கான மின்சாரம் தழும்பில் முட்டி, போகவேண்டிய பாதையை விட்டு அதையே சுற்றிச் சுற்றி வரும்போது துடிப்பு தாறுமாறாகிறது.

மாரடைப்பு வேறு, இது வேறு. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. கொலஸ்ட்ரால் கணக்கும் சரியாக இருக்கலாம். 'நல்லா ஓடியாடுற பையனுக்கு என்ன வரப்போகுது?' என்ற நம்பிக்கைதான் இங்கே ஆபத்து. கடுமையான பயிற்சி இந்த நோயை இன்னும் வேகமாக வளர்க்கும்.

கிரேக்க நாட்டின் நக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் ஒரு விசித்திரம். பிறந்ததிலிருந்தே ஆட்டு ரோமம் போல சுருண்ட முடி, தடித்துப்போன உள்ளங்கை, உள்ளங்கால். அவர்களுக்கே இதயக் கோளாறும் இருப்பதை 1986-ல் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். தோலையும் இதயத்தையும் பிணைக்கும் ஒரே புரதத்தில் பழுது என்பது 2000-ல் உறுதியானது. ஆனால் இந்த நோய் உள்ள பெரும்பாலானோருக்கு வெளியே இப்படி எந்த அடையாளமும் இருக்காது.

அடையாளம் இல்லாவிட்டாலும் சில நேரம் எச்சரிக்கை கிடைக்கும். விளையாடும்போது மயங்கி விழுவது, காரணமில்லாமல் படபடப்பு, சொந்தத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சோடா கொடுத்து உட்கார வைப்பதோடு விடாமல், இதய மருத்துவரிடம் கூட்டிப்போய் இ.சி.ஜி., எக்கோ எடுங்கள். அவற்றில் சிக்காவிட்டால் 24 மணி நேர ஹோல்டர், எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருக்கும். போட்டிகளில் ஆடும் வீரர்களுக்கு இ.சி.ஜி.யுடன் பரிசோதனையை இத்தாலி 1982-லேயே கட்டாயமாக்கியது. பிறகு அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஏறக்குறைய 90 சதவிகிதம் குறைந்தது.

முழுக்கக் குணப்படுத்த மருந்து இல்லை. துடிப்பை அடக்க மாத்திரை, போட்டி விளையாட்டுக்குத் தடை, ஆபத்து அதிகமென்றால் தோலுக்கடியில் ஐ.சி.டி. என்ற சின்னக் கருவி. துடிப்பு தறிகெட்டால் கருவியே ஷாக் கொடுத்து சரிசெய்யும். டெய்லருக்கும் அதைத்தான் பொருத்தினார்கள். 2018-ல் இங்கிலாந்து அணியின் தேர்வாளராக அவர் திரும்பி வந்தார்.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருமுறை 'நார்மல்' என்று வந்துவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. நோய் பல வருடம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டும்.