மணிக்கணக்கு சொல்லாத வயது

2018 ஏப்ரல் 4. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், டேட்டோனா பீச் விமான நிலையம். பைப்பர் ஆரோ ரகப் பயிற்சி விமானம் ஒன்று ஓடுதளத்தைத் தொட்டுவிட்டு, நிற்காமல் மறுபடி மேலேறியது. ஆயிரம் அடியை எட்டுவதற்குள் இடது இறக்கை தனியே கழன்று விழுந்தது. உள்ளே இருந்த மாணவரும் தேர்வாளரும் உயிரிழந்தனர்.

விமானம் 2007இல் தயாரானது. பறந்தது சுமார் 7,690 மணி நேரம். துரு இல்லை, பழைய அடிபட்ட தடமும் இல்லை. ஆனால் ஸ்பார் எனப்படும் இறக்கையின் முதுகெலும்பில், அடிப்பட்டையின் 80 சதவீதத்துக்கும் மேல் உலோகச் சோர்வின் விரிசல் பரவியிருந்தது.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். ஸ்பாரின் அடிப்பட்டை இழுபடும். தரையில் இறங்கியதும் அந்த இழுப்பு விட்டுப்போகும். இறக்கையை உடலோடு பூட்டும் போல்ட்டுகளின் துளை விளிம்பில் இழுவிசை குவிகிறது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி முறிப்போமே, அதே கதைதான். அலுமினியத்துக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. எஃகைப் போல, 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை தடவை இழுத்தாலும் தாங்குவேன்' என்ற எல்லை அதற்குக் கிடையாது. சிறிய இழுப்பும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

பயிற்சி விமானத்தின் வாழ்க்கையே இந்த ஏற்ற இறக்கம்தான். டேட்டோனா விமானம் 33,000 தடவைக்கு மேல் தரையிறங்கியிருந்தது. மணிக்கு நான்கு தடவைக்கும் அதிகம். பழகாத கைகளின் முரட்டு இறக்கம், தாழ்வான உயரத்தின் காற்றுக் குலுக்கல் எல்லாம் அதே துளையில்தான் போய்ச் சேரும். இந்தச் சோர்வைப் பறந்த மணிகளை மட்டும் வைத்து அளந்தது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பின்னர் கொண்டுவந்த கணக்கு இதை ஒப்புக்கொள்கிறது. பயிற்சிக்கும் வாடகைக்கும் ஓடும் விமானங்களுக்கு 100 மணிக்கொரு முறை சோதனை கட்டாயம். அந்தச் சோதனைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 100 மணி என்று முழுதாகச் சேர்க்கிறார்கள். மீதி மணிகளை 17ஆல் வகுத்துச் சேர்க்கிறார்கள். மொத்தம் 5,000ஐத் தொட்டால் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் சுழல் மின்னோட்டக் கருவியை விட்டுப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து கண்ணால் பார்த்தால் அந்த விரிசல் தெரியாது.

விபத்துக்குப் பின், டேட்டோனா விமானத்தை இயக்கிய பயிற்சிப் பள்ளியின் மற்ற விமானங்களையும் சோதித்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பறந்த இன்னொன்றின் ஸ்பாரிலும் விரிசல் விழுந்திருந்தது.