‘அந்த ஸ்கூல் எப்படி?’ - திருநாவலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகள் பெயர் வாங்கிய கதை

திருநாவலூர்ப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக அரசுப் பள்ளியில் படித்த குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுடைய டி.சி.க்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். தாத்தாவுடையதில் மாவட்டம் தென்னாற்காடு. அப்பா தொண்ணூறுகளின் நடுவில் படித்தவர் என்றால் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1993-ல் வைத்த அந்தப் பெயர் 1997-ல் வெறும் விழுப்புரம் ஆனது. மகளுடையதில் 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் நகரவில்லை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் மடப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் அதே இடத்தில்தான் இருக்கிறது.

தாத்தாவின் பிறந்த தேதியையும் கவனியுங்கள். மே, ஜூன் மாதங்களில் ஏதோ ஒரு நாளாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். அம்மா வைத்தது ஒரு பெயர் என்றால், பள்ளிக்கூடம் வைத்தது ஒரு பிறந்தநாள். ஓய்வு பெற்றது, பென்ஷன் வாங்கியது எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

காகிதத்துக்கு இந்த ஊரில் மரியாதை அதிகம் என்று விளையாட்டாகச் சொல்லலாம். சுந்தரர் பிறந்த ஊர் இது. அவருடைய கல்யாணத்தை நிறுத்தியதே ஓர் ஓலைதான். ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை’ என்று கிழவராக வந்த சிவபெருமான் நீட்ட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம். கடவுளே வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு!

ஆனால் எழுத்து வெகுகாலம் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகுதான் கிராமப் பள்ளிகள் வேகம் பிடித்தன. பொதுக் கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு வந்தார். 1956-ல் மதிய உணவு. 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சு, மணி, கடிகாரம், இடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் பழைய பள்ளிகளில் நன்கொடை கொடுத்தவர் பெயர் பெயின்ட்டில் மங்கிய அலமாரியோ நாற்காலியோ கண்ணில் படும். அரசுப் பள்ளி என்கிறோமே, அதில் பாதி அப்போதே ஊர்ப் பள்ளிதான்.

அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க நினைத்தால் பி.யூ.சி.; அதற்குக் கல்லூரி உள்ள ஊருக்குப் போக வேண்டும். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்த முறை போய் ப்ளஸ் டூ வந்தது. போர்டில் ‘உயர்நிலை’ அழிந்து ‘மேல்நிலை’ ஏறிய பள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பதினாறு வயசுப் பெண்ணை பஸ் ஏற்றி வெளியூர் அனுப்பத் தயங்கிய வீடுகளில், அந்த ஒரு சொல் இரண்டு வருடப் படிப்பு.

இங்கெல்லாம் பள்ளியின் தரத்தைவிடப் பெரிய கேள்வி தூரம். அஞ்சாவது ஒரு ஊரில், எட்டாவது ஒரு ஊரில், பத்தாவது இன்னொரு ஊரில். ஒவ்வொரு தாண்டலிலும் சில பிள்ளைகள் உதிர்ந்தார்கள். பெண் பிள்ளைகள் கூடுதலாக. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு ப்ளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் கிடைத்த விலையில்லா சைக்கிளை இலவசம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஏழு கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்கள் பேசியிருக்க மாட்டார்கள்.

இதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் சைக்கிளும் உதவாது. அங்கே மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி முடிந்து அரசு மலையை எடுத்துக்கொண்டதே 1976-ல்தான். கீழே ஊர்களில் தாத்தா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்க, மேலே பலருக்குப் பள்ளிக்கூடமே புதுசு. குக்கிராமங்கள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருப்பதால், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நம்பித்தான் படிப்பு. ஒரு பிள்ளை பத்தாவது முடிப்பதைக் கணக்கு வாத்தியார் மட்டும் தீர்மானிப்பதில்லை. விடுதியில் சோறு எப்படி, ராத்திரி காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

சரி, ‘பெயர்’ விஷயத்துக்கு வருவோம். தொண்ணூறுகளிலிருந்து டை கட்டி, ஷூ போட்டு, மஞ்சள் வேனில் பிள்ளைகள் போக ஆரம்பித்தார்கள். ஜூன் மாதம் ஊரெங்கும் ஃப்ளெக்ஸ்: ‘நூறு சதவீதத் தேர்ச்சி’, ‘மாவட்ட முதலிடம்’. போட்டி வெறியாகிப் போனதால்தான் 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசே நிறுத்தியது. ஆனால் மாவட்ட வாரியான தேர்ச்சிப் பட்டியல் தொடர்ந்தது. 2018 ப்ளஸ் டூ முடிவில், அப்போது கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்துக்கு மாநிலத்திலேயே கடைசி இடம். தேர்ச்சி சுமார் 83 சதவீதம்.

அஞ்சு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியது சந்திரயான்-3. அதன் திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே தொழிலாளி. படித்தது உள்ளூர் ரயில்வே பள்ளியில். பிறகு உள்ளூரிலேயே டிப்ளமோ. அந்த அக்டோபரில் தமிழக அரசு கௌரவித்த ஒன்பது விஞ்ஞானிகளில், ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளி மாணவி. ஒரு வீரமுத்துவேலைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கடைசி இடம் என்ற பட்டியல் உள்ளே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதுதான் விஷயம்.

அந்தச் சதவீதத்தின் சூட்சுமத்தைப் பாருங்கள். ஒரு கணக்குப் போடுவோம். தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். ‘உங்க பையனுக்கு வராதுங்க’ என்று 10 பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி 50 பேரும் பாஸ். நூறு சதவீதம், ஃப்ளெக்ஸ் தயார். அந்தப் பத்துப் பேரும் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே ஏற்கெனவே 100 பேர். அதில் 95 பேர் பாஸ் ஆகக்கூடியவர்கள். புதிதாக வந்த பத்தில் அஞ்சு பேரைத் தேற்றிவிடுகிறார்கள் ஆசிரியர்கள். ஆக 110-க்கு 100. சதவீதம் 95-லிருந்து 91-க்கு இறங்கிவிட்டது! அஞ்சு பேரைக் காப்பாற்றிய பள்ளிக்கு ‘தேர்ச்சி சரிவு’ என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அதற்காக அரசுப் பள்ளிகளுக்குக் குறையே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாட ஆசிரியர் இல்லாமல் பாதி வருடம் ஓடுவது, தண்ணீர் வராத கழிப்பறை, ஆறாவது வந்தும் எழுத்துக்கூட்டும் பிள்ளை - எல்லாம் உண்டு. ‘அரசுப் பள்ளி வாத்தியாரே தன் பிள்ளையை வேனில் அனுப்புகிறாரே’ என்று டீக்கடையில் கேட்பவரிடம் பதில் சொல்வது கஷ்டம். சதவீதத்துக்குப் பயந்து ‘பிரைவேட்டா எழுதிக்கோ’ என்று பிள்ளையை ஒதுக்கும் வேலை அரசுப் பள்ளியில் நடந்தாலும் தப்பு தப்புதான்.

எனவே சேர்க்கைக்குப் போகும்போது, எந்தப் பள்ளியாக இருந்தாலும், எத்தனை சதவீதம் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ஆறாவதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் இங்கேயே பத்தாவது எழுதினார்கள்? நடுவில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று பதில் வருகிறதா பாருங்கள்.

பத்தாவது வரை தனியார், அப்புறம் அரசுப் பள்ளி என்று திட்டம் போடும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்து, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடமுண்டு. மற்றபடி நடுவில் ஒரு வருடம் வேனில் போயிருந்தாலும் இந்த ஒதுக்கீட்டில் வர முடியாது. டி.சி.க்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.