இனம் காக்கும் மரபியல்

ஓர் உயிரினம் அழியும் தறுவாயில் இருக்கிறதா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? எண்ணிப் பார்த்துத்தான் அறிகிறோம். ஆயிரம் விலங்குகள் இருந்தால் ஆறுதல் கொள்கிறோம். இருபதே இருந்தால் கவலை கொள்கிறோம். எண்ணிக்கை முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அஃது ஒன்றே போதிய அளவுகோல் அன்று. எஞ்சியிருக்கும் விலங்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் பார்த்தாக வேண்டும். மரபியல் என்னும் அறிவியல் துறை நமக்கு உணர்த்தும் உண்மை இது. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டிய ஒரு விலங்கின் வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில் பிளாரிடா என்னும் மாநிலம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் தென்பகுதியிலுள்ள சதுப்பு நிலங்களிலும் காடுகளிலும் பூமா என்னும் பெரும்பூனை வாழ்கிறது. அங்குள்ளோர் அதனைப் பேந்தர் என்று அழைப்பர். ஆனால் அது நம் நாட்டுச் சிறுத்தை அன்று. உடலில் புள்ளிகள் இல்லாத, மங்கிய பழுப்பு நிறமுடைய வேறோர் இனம். முற்காலத்தில் இப்பூமாக்கள் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி முழுவதும் பரவியிருந்தன. மேற்கேயுள்ள டெக்சாஸ் பூமாக்களோடு அவை தடையின்றிக் கலந்து இனம் பெருக்கின. பின்னர் மனிதன் வேட்டையாடினான். காடுகளை அழித்துப் பண்ணைகளும் நகரங்களும் அமைத்தான். எஞ்சிய விலங்குகள் பிளாரிடாவின் தென்முனையில் ஒதுங்கின. 1967-ஆம் ஆண்டில் இவை அழிவுக்குள்ளாகும் இனமாக அறிவிக்கப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் இருபது முதல் முப்பது வரையிலான பூமாக்களே மிஞ்சியிருந்தன.

குறைந்த தொகையைக் காட்டிலும் அவ்விலங்குகளின் உடல்நிலை அறிஞர்களைப் பெரிதும் திடுக்கிடச் செய்தது. பல பூமாக்களின் வால் நுனி ஒடிந்ததுபோல் வளைந்திருந்தது. முதுகில் மயிர் சுழித்து நின்றது. இவை பார்வைக்கு மட்டுமே குறைகள். இவற்றால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் சில விலங்குகளுக்கு இதயத்திலேயே துளை இருந்தது. ஆண் விலங்குகள் பலவற்றில் விரைகள் உரிய இடத்திற்கு இறங்கவில்லை. விந்தணுக்களில் பெரும்பாலானவை பழுதுற்றிருந்தன. அவ்வாறாயின் அடுத்த தலைமுறை எங்ஙனம் தோன்றும்?

இவற்றின் காரணத்தை அறிய மரபணு என்பது யாது என நாம் நினைவுகூர வேண்டும். உயிரின் அமைப்பையும் இயல்புகளையும் வகுக்கும் கட்டளைகளே மரபணுக்கள். பெரும்பாலான மரபணுக்கள் ஒவ்வோர் உயிரிடத்தும் இரண்டு படிகளாக அமைந்துள்ளன. ஒன்று தந்தை வழி வந்தது. மற்றொன்று தாய் வழி வந்தது. ஒரு படியில் பழுது இருந்தாலும் மற்றது செவ்வையாக இருப்பின் பெரும்பாலும் தீங்கு வெளிப்படுவதில்லை. ஆனால் கூட்டம் சுருங்கும்போது நெருங்கிய உறவுடைய விலங்குகளே ஒன்றோடொன்று கூட நேர்கிறது. தாய் தந்தை இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து பெற்ற அதே பழுதான படியைக் குட்டிக்கு அளிக்கும் வாய்ப்பு மிகுகிறது. அப்போது மறைந்து கிடந்த குறை வெளிப்படுகிறது.

இன்னுமோர் இழப்பும் உண்டு. பலவகை விதை நெல்லைச் சேமித்து வைத்திருக்கும் உழவனை எண்ணிப் பாருங்கள். ஒரு வகை வறட்சியைத் தாங்கும். ஒரு வகை வெள்ளத்தைத் தாங்கும். ஒரு வகை பூச்சிக்கு எளிதில் இரையாகாது. ஆண்டு எவ்வாறு அமையினும் அவனுக்கு ஏதேனும் ஒன்று கைகொடுக்கும். ஒரே வகையை மட்டும் வைத்திருப்பவன் குதிர் நிறைய நெல் வைத்திருந்தாலும் ஒரு நோய்க்கே அனைத்தையும் இழக்கக்கூடும். விலங்கினத்திற்கும் மரபணு வேறுபாடே விதைக் களஞ்சியம். கூட்டம் சிறுத்தால் அக்களஞ்சியமும் தலைமுறைதோறும் தற்செயலாகவே வறிதாகிவிடுகிறது.

நோய் புலப்பட்டது, மருந்து யாது? வேறிடத்துப் பூமாக்களைக் கொணர்ந்து கலக்கச் செய்வதே வழி என்றனர் மரபியலார். உடனே எதிர்ப்பும் எழுந்தது. அந்நிய விலங்கைக் கலந்தால் பிளாரிடாப் பூமா தன் தனித்தன்மையை இழந்துவிடாதா என்று பலர் வினவினர். இவ்வச்சம் பொருளற்றது அன்று. அந்நாளைய செக்கோஸ்லவாக்கியாவின் டாட்ரா மலையில் ஐபெக்ஸ் என்னும் காட்டாடுகளை ஒரு காலத்தில் குடியேற்றினர். அவற்றோடு துருக்கியிலிருந்தும் சினாய்ப் பாலையிலிருந்தும் கொணர்ந்த ஆடுகளைக் கலந்தனர். கலப்பில் பிறந்தவை பருவம் தவறி முன்னதாகவே இணைசேர்ந்தன. அவற்றின் குட்டிகள் கடுங்குளிர் நிலவும் பிப்ரவரித் திங்களில் பிறந்தன. விளைவு, அக்கூட்டமே அழிந்தொழிந்தது. ஆகவே கலப்பு எல்லா இடத்தும் நன்மை தரும் என்று கருதிவிடலாகாது.

ஆனால் டெக்சாஸ் பூமாவின் நிலை வேறு. அது பிளாரிடாப் பூமாவின் பழைய அண்டை இனம். முன்பு இயற்கையாகவே நடந்துவந்த கலப்பை மனிதன்தான் துண்டித்தான். துண்டித்ததை மீண்டும் இணைப்பதே இங்கு நோக்கம். நெடிய ஆராய்ச்சிக்குப் பின் 1995-ஆம் ஆண்டில் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் பிளாரிடாவிற்குக் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றுள் மூன்று குட்டி ஈனாமலே இறந்தன. மற்ற ஐந்தும் இருபது குட்டிகளையேனும் ஈன்றன. அந்நியக் குருதி அளவுக்கு மிஞ்சிவிடலாகாது என்பதற்காக, உயிருடன் எஞ்சியிருந்த டெக்சாஸ் பூமாக்கள் 2003-ஆம் ஆண்டிற்குள் அக்காட்டினின்றும் அகற்றப்பட்டன.

பயன் என்ன? 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி முடிவுகள் அதனைத் தெரிவித்தன. பூமாக்களின் எண்ணிக்கை மும்மடங்காகியிருந்தது. மரபணு வேறுபாடு இருமடங்காகியிருந்தது. வளைந்த வாலும் பிற குறைகளும் குறைந்தன. கலப்பில் பிறந்தவை நீண்ட நாள் பிழைத்து வாழ்ந்தன. பின்னாளில் முதிர்ந்த பூமாக்களின் தொகை 120 முதல் 230 வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. ஐந்து தாய்கள் ஓரினத்தைப் படுகுழியின் விளிம்பிலிருந்து மீட்டன என்று கூறுவது மிகையாகாது.

எனினும் கதை இங்கு முற்றுப்பெறவில்லை. பிளாரிடாப் பூமா இன்றும் தனிமைப்பட்ட சிறு கூட்டமே. இப்படியே தனித்திருந்தால் புதிதாய்ப் பெற்ற செல்வமும் தலைமுறை தலைமுறையாகக் கரையும். மீண்டும் வெளியிலிருந்து கொணர நேரிடும். அதனினும் பெரிய இடர், விரைந்தோடும் வண்டிகளே. ஆண்டுதோறும் பல பூமாக்கள் சாலைகளில் அடிபட்டு மடிகின்றன. செம்மையான மரபணு பெற்றிருந்தாலும் மோட்டார் வண்டியின் முன் ஒரு விலங்கு என் செய்யும்? எனவே நெடுஞ்சாலைகளின் கீழே விலங்குகள் கடந்து செல்லச் சுரங்கவழிகள் அமைத்தும், சாலையோரம் வேலியிட்டும் வருகின்றனர். பல்லாண்டுகளாகப் பெண் பூமாக்கள் கலூசஹாட்சி ஆற்றைக் கடந்து வடக்கே செல்லவில்லை. 2016-ஆம் ஆண்டில் ஒரு பெண் பூமா அக்கரையில் காணப்பட்டது. மறு ஆண்டு அங்கே குட்டிகளும் காணப்பட்டன. அச்செய்தி கேட்டு ஆராய்ச்சியாளர்கள் அடைந்த மகிழ்ச்சி பெரிது. விலங்கு தானே நடந்து சென்று தன் இனத்தைப் பரப்புமாயின், அதனினும் சிறந்த முறை வேறு இல்லையன்றோ!

இவ்வரலாற்றினின்றும் மாணவர்கள் அறியத்தக்கது யாது? இனத்தைத் தாக்கும் நோயை மரபியல் கண்டு கூறும்; எந்த உறவினத்தை நாடலாம், எதனை நாடலாகாது என்று வழிகாட்டும்; நமக்குச் சிறிது கால அவகாசமும் ஈட்டித் தரும். ஆனால் நிற்க நிழலும் நடக்க நிலமும் அதனால் தர இயலாது. அவற்றைத் தருவது மனிதன் கையில் இருக்கிறது. பூமாவை டெக்சாஸ் உறவினின்று பிரித்தது இயற்கையன்று. நாம் அழித்த காடுகளும் அமைத்த சாலைகளுமே. ஒரு காட்டிற்கும் அடுத்த காட்டிற்கும் இடையே விலங்குகள் சென்று வரும் வழியை அடைக்காமல் விட்டுவைப்போமானால், ஆய்வுக்கூடத்தார் பின்னர் அரும்பாடுபட்டுச் செய்ய வேண்டிய பணியை அவ்விலங்குகள் தாமே செய்துகொள்ளும்.