கயிறை இறுக்காதீங்க பாஸ்!

கொல்லிமலைக்கு பைக்ல கிளம்புற கோஷ்டியா நீங்க? காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படினு மலை உங்களை ஒருவழி பண்ணிடும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மருத்துவ வார்த்தையையும் பையில போட்டுக்கோங்க... இஸ்கீமியா!

பூர்வீகம் கிரேக்கம். ‘தடுத்து நிறுத்து’, ‘ரத்தம்’ ரெண்டையும் ஒட்டினா இந்த வார்த்தை. (நம்ம ஹீமோகுளோபின்ல தலையா வர்ற ‘ஹீமோ’, இங்கே வாலா தொங்குது!) உடம்போட ஒரு பகுதிக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரலைன்னா அது இஸ்கீமியா. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல தூங்காதவங்களுக்குத் தெரியும். குழாயோட ஆரம் பாதியானா, அதே அழுத்தத்துல ஓட்டம் பாதியாகாது; பதினாறுல ஒரு பங்காயிடும். அரியர் வெச்ச கணக்கு, உள்ளே நிஜமா ஓடிட்டு இருக்கு!

ஆகாய கங்கைக்கு இறங்குறது ஜாலி. ஏறும்போது கூட வந்த மாமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காருறார். கொஞ்ச நேரத்துல வலி விட்டுடுது. ‘கேஸ்தான் மாமா’னு சோடா கொடுத்து மறுபடி ஏத்திடாதீங்க. இதயத் தசை கேட்கிற ரத்தத்தை, சுருங்கின குழாயால தர முடியாம இருக்கலாம். இஸ்கீமியான்னா தசை பட்டினி கிடக்குது. பட்டினி நீண்டு தசை செத்தா, அது இன்ஃபார்க்‌ஷன்... அதாவது ஹார்ட் அட்டாக். ரிப்போர்ட்ல இந்த ரெண்டு வார்த்தையையும் போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் அதிகம். மூளையில நடந்தா இஸ்கீமிக் ஸ்ட்ரோக். பக்கவாதத்துல பெரும்பாலானது இந்த வகைதான்.

இதெல்லாம் உடம்பு தானா வரவழைக்கிறது. நாமளே கையால உண்டாக்குற இஸ்கீமியா ஒண்ணு இருக்கு. காட்டுப் பாதையில பாம்பு கடிச்சதும் சினிமா ஹீரோ மாதிரி கர்ச்சீப்பைக் கிழிச்சு இறுக்கிக் கட்டுறோமே, அதுதான்! விரியன் கடிச்ச கால் ஏற்கெனவே வீங்குது. அதுக்கு மேல ரத்தத்தையும் நிறுத்தி, 70 வளைவு இறங்கினா? மணிக்கணக்குல ரத்தமில்லாத காலை வெட்டி எடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம். பிளேடால கீறுறது, வாயால உறிஞ்சுறதும் வேண்டாம்.

மோதிரம், வாட்ச், கொலுசைக் கழட்டுங்க. எலும்பு முறிஞ்சவருக்குக் கட்டுற மாதிரி குச்சி வெச்சு, இறுக்காம, கால் அசையாதபடி கட்டுங்க. நடக்க விடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. மலை மேலேயே செம்மேட்டுல அரசு மருத்துவமனை இருக்கு.

யாரோ ஏற்கெனவே இறுக்கிட்டாங்களா? பதறிப்போய் சட்டுனு அவுக்காதீங்க. தேங்கின விஷம் மொத்தமா மேலே ஏறும். டாக்டர் விஷமுறிவு மருந்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவிழ்ப்பார்.