ஆண்களும் வன்முறைக் குற்றமும்: பழவேற்காட்டுப் பாடு முறை காட்டும் சில உண்மைகள்

வன்முறைக் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் ஆண்கள். நாடு, மதம், மொழி, பொருளாதார நிலை எது மாறினாலும் இந்த உண்மை மாறுவதில்லை. உலக அளவில் கொலைக் குற்றத்துக்காகச் சந்தேகிக்கப்படுபவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் ஆண்கள் என்று ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கொல்லப்படுபவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் ஆண்களே. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெண்கள் சுமார் 4 விழுக்காடுதான். பிறந்த குழந்தையைக் கொல்லும் குற்றம் போன்ற ஒரு சில வகைகளில் மட்டுமே இந்த விகிதம் தலைகீழாகிறது.

ஆனால் இதே அளவுக்கு உறுதியான இன்னொரு உண்மையும் உண்டு. ஆண்–பெண் விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, வன்முறையின் மொத்த அளவு மட்டும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் பல மடங்கு வேறுபடுகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 2 கொலைகள் நடக்கின்றன. எல் சால்வடோரில் 2015இல் அந்த எண் 100ஐத் தாண்டியது. இடைக்கால ஐரோப்பாவில் இருந்த கொலை விகிதம் இன்று அங்கு இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம் என்று குற்றவியல் வரலாற்றாளர் மானுவேல் ஐஸ்னர் கணக்கிட்டுள்ளார். இத்தனைக்கும் ஆண்களின் உடல் மாறவில்லை. ஆகவே “ஏன் ஆண்கள்?” என்பதும் “ஏன் இவ்வளவு?” என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வீணாகின்றன.

உடல் சொல்வது

அடிப்பது, கடிப்பது, தள்ளுவது ஆகியவை மனிதரிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இளமைப் பருவத்தில் அல்ல, 2 முதல் 4 வயதுக்குள். கனடாவின் உளவியலாளர் ரிச்சர்ட் டிரெம்ப்ளே பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து இதைக் காட்டினார். வளர வளரப் பெரும்பாலோர் கையை அடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பெண் குழந்தைகள் சற்று முன்னதாகவே கற்றுக்கொள்கிறார்கள். அதாவது வன்முறையைக் கற்பதைவிட, அதை விடுவதற்கே பயிற்சி தேவைப்படுகிறது.

அடுத்து எல்லோரும் சுட்டும் காரணம் டெஸ்டோஸ்டிரோன். இந்த ஆண்மைச் சுரப்புக்கும் முரட்டுத்தனத்துக்கும் மனிதரிடம் காணப்படும் நேரடித் தொடர்பு பலவீனமானது. கூடுதலாக ஒரு ஒய் நிறப்புரி கொண்ட ஆண்கள் பிறவிக் கொலைகாரர்கள் என்று 1960களில் பரவிய கருத்தும் பின்னர் நிலைக்கவில்லை. பறவைகளை ஆராய்ந்த ஜான் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1990இல் முன்வைத்த விளக்கம் இவற்றைவிடப் பயனுள்ளது. ஆண் பறவை தன் எல்லையைப் பிடிக்கும்போதும், இன்னொரு ஆண் அங்கே நுழையும்போதும் அந்தச் சுரப்பு ஏறுகிறது. எல்லை உறுதியாகி, குஞ்சுகளுக்கு இரை தேடும் காலம் வந்தால் இறங்குகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவும் இதையொட்டியே அமைந்தது. தந்தையானவர்களுக்கு அந்தச் சுரப்பு குறைந்தது. சூழ்நிலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒன்றை மட்டும் வன்முறைக்கு மூலகாரணம் என்று சொல்ல முடியாது.

பெண்கள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்பதற்கு ஆன் கேம்பல் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1999இல் ஒரு விடை தந்தார். மனித வரலாற்றின் பெரும்பகுதியில் தாய் இறந்தால் குழந்தையும் பிழைப்பது அரிது. எனவே உயிருக்கு ஆபத்தான சண்டையைத் தவிர்க்கும் எச்சரிக்கை உணர்வு பெண்களிடம் கூடுதலாக வளர்ந்தது என்பது அவர் வாதம். பெண்களுக்குக் கோபம் குறைவு என்று அவர் சொல்லவில்லை.

எதற்காகக் கொல்கிறார்கள்?

2022இல் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அவற்றில் 9,962 வழக்குகளுக்குக் காரணம் “தகராறு”. திட்டமிட்டுப் பணத்துக்காகச் செய்யப்பட்டவை மிகக் குறைவு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை ஆராய்ந்த மார்வின் வொல்ஃப்கேங்கும் இதையே கண்டார். அற்பமான வாய்ச்சண்டையில் தொடங்கியவையே அதிகம். மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இருவரும் 1988இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தந்தனர். அந்தச் சண்டை வெளியாருக்குத்தான் அற்பம். நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தவன் நாளைக்கும் விட்டுக்கொடுப்பான் என்று பெயர் வாங்குவான். தன் இடத்தைக் காக்க வேறு யாரும் இல்லாத நிலையில் அந்தப் பெயர் பெரிய நட்டம்.

அப்படியானால் இடத்தை முன்கூட்டியே பங்கிட்டு, அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் தகராறு குறைய வேண்டும். தமிழகக் கடற்கரையில் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு.

பழவேற்காட்டின் பாடு முறை

திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இறால் கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீரோட்டத்தோடு வந்துபோகும். எனவே முகத்துவாரத்தை ஒட்டி வலை போடுபவருக்கே நல்ல வரவு. அந்த இடமோ சிறியது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் இதற்குக் கண்ட வழி பாடு. “பாடு” என்றால் வலை போடும் முறையும் இடமும். கழி ஊன்றிக் கட்டும் சுத்து வலைக்கான நல்ல இடங்களை ஊர்கள் நாள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்குள் யார் எந்த இடத்தில் என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. இன்று மோசமான இடம் விழுந்தவருக்கு இன்னொரு முறை நல்ல இடம் விழும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். சீட்டில் விழுந்த இடத்தை விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் அவமானமில்லை, ஏனெனில் எதிரில் நின்று தோற்கடித்தவர் என்று ஒருவரும் இல்லை. தகராறில் மானப் பிரச்சினையாக மாறும் பகுதியை இந்த முறை சத்தமில்லாமல் அகற்றிவிடுகிறது. பாடு என்ற பெயரிலேயே கொச்சிக் காயலிலும், வேறு பெயரில் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இத்தகைய முறைகள் இருந்துவருவது தற்செயலல்ல.

பங்கு யாருக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். பாட்டில் சேர்பவர் பட்டினவர் குடும்பத்துத் திருமணமான ஆணாக இருக்க வேண்டும். அவரே ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. மணமாகாத இளைஞருக்குத் தனிப் பங்கு இல்லை. உலகெங்கும் வன்முறைக் குற்றம் உச்சத்தில் இருப்பது பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான். அந்த வயதினருக்கு, குடும்பமும் நல்ல பெயரும் இருந்தால் ஏரியில் இடம் கிடைக்கும் என்று ஊர் சொல்கிறது.

பாடு எட்டாத இடங்கள்

பாடு முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பட்டினவர் அல்லாத சமூகத்தினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினரும் இருளரும், பிழைப்புக்காக ஏரியில் இறங்கியபோது அவர்களுக்குப் பாட்டில் இடமில்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கியபின் இந்த விலக்கு மேலும் கசந்தது. ஊருக்குள் தணிந்த தகராறு ஊர்களுக்கு இடையே, சாதிகளுக்கு இடையே, தமிழக–ஆந்திர மீனவர்களுக்கு இடையே மோதலாக வெடித்ததுண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து, மீன் வரவு குறையக் குறைய இந்த உரசல் கூடத்தான் செய்யும். சீட்டுக் குலுக்கலில் பெயர் இல்லாதவருக்குச் சீட்டின் நியாயம் எப்படிப் புரியும்?

பெண்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுப்பது, காயவைப்பது, கூடையில் சுமந்து விற்பது அவர்கள் வேலை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். வறுமையும் விலக்கும் மட்டுமே வன்முறைக்குக் காரணம் என்றால், இரட்டிப்பாக விலக்கப்பட்ட இப்பெண்களே அதிகம் கைநீட்ட வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதால்தான் முதல் கேள்விக்கு உடலையும் வளர்ப்பையும் சேர்த்தே விடை தேட வேண்டியிருக்கிறது.

பாட்டின் விதி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2017இல் உலகில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 87,000 பேர். அவர்களில் 50,000 பேரைக் கொன்றவர் துணைவரோ குடும்பத்தினரோதான். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் கணவரின் வன்முறையைச் சந்தித்துள்ளதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. மீனவ ஊர்களின் பஞ்சாயத்தில் மரபாக அமர்ந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. கணவன் அடித்த வழக்கு அங்கே போனால், கேட்பவரும் தலைக்கட்டு, அடித்தவரும் தலைக்கட்டு.

இந்த வகை வன்முறையில் குடிக்குப் பெரும் பங்கு உண்டு. ஏரியின் ஆந்திரப் பகுதி அன்று அடங்கியிருந்த நெல்லூர் மாவட்டத்தில் பெண்கள் இதை நேரடியாக எதிர்த்தனர். ஏரியிலிருந்து வடக்கே தொலைவில் உள்ள தூபகுண்டா என்ற சிற்றூரில், அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கதைகளைப் பேசத் தொடங்கினர். 1992இல் ரோசம்மா உள்ளிட்டோர் சாராயக் கடையை மூடவைத்தனர். போராட்டம் மாவட்டமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், வருவாய் இழப்பைக் காரணம் காட்டி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சாராயத்தின் மீதான தடை மட்டும் நீடித்தது.